பேஸ் கிட்டார் மேடையில் பெரிதாக ஒலிக்க

பல வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட் செக்கில் என் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாக வாசித்தபோது மண்டபத்து ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. ஆம்பில், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில், ‘பேஸ்’ என்று எழுதியிருந்த குமிழை வலது கோடிவரை திருப்பி வைத்திருந்தேன். அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியபோது அப்படியொரு நிறைவு. கச்சேரி தொடங்கியது. டிரம்ஸ் சேர்ந்தது, கீபோர்டு சேர்ந்தது, பாடகர் எடுத்தார். நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். ‘கும்’மென்ற இரைச்சல்தான் கூடியது, எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று தெரியவில்லை.

இடைவேளையில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரர் என்னைக் கூப்பிட்டார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்.

“தம்பி, அடியைக் குறைச்சிட்டு நடுவுல கொஞ்சம் ஏத்துங்க. நீங்க வாசிக்கிறது பூராவும் தரைக்குள்ள போகுது.”

“கனம் போயிடுமேண்ணே?”

“ஏத்திட்டு வாசிங்க. நான் கேட்டுச் சொல்றேன்.”

அவர் ‘அடி’ என்றது தாழ்ந்த ஒலிகளை, ‘நடு’ என்றது நடுத்தர ஒலிகளை. அடியைக் குறைத்து நடுவை ஏற்றினேன். தனியாக வாசித்துப் பார்த்தபோது மூக்கால் பேசுவதுபோல் இருந்தது, பிடிக்கவேயில்லை. ஆனால் அடுத்த பாட்டில் எல்லோரும் சேர்ந்ததும், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது. கடைசி வரிசையிலிருந்த நண்பன் பிறகு வந்து, “இப்பத்தான்டா பேஸே கேக்குது” என்றான். குறைத்த பிறகு எப்படிக் கூடியது? அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. ஆம்பையும், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டி ஓசையை மாற்றும் பெடலையும் இப்போதுதான் தொடத் தொடங்கியிருப்பவர்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சுரத்துக்குள் எத்தனை சுரம்

நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்த தந்தி ஈ. விரல் எதையும் அழுத்தாமல் அதை மீட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும், அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்து வரும் ஏ தந்தி 55, டி 73, ஜி 98. ஐந்து தந்தி பேஸில் கூடுதலாக இருக்கும் பி தந்தி இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸில் கிடக்கிறது. மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லையே 20 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்துக்கொண்டால், பேஸ் எவ்வளவு கீழே நடமாடுகிறது என்று புரியும்.

ஆனால் தந்தி அந்த ஒரு வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. முழு நீளமாக அதிரும்போதே இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் சேர்ந்து அதிர்கிறது. அதனால் ஈ தந்தியிலிருந்து 41 ஹெர்ட்ஸோடு 82, 124, 165, 206 என்று ஓர் ஏணியே கிளம்புகிறது. பள்ளிக்கூட இயற்பியலில் இவற்றை மேற்சுரங்கள் என்று படித்திருப்போம். தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பாடப் புத்தகமே தேவையில்லை. மந்தர ஸட்ஜத்தை மீட்டிவிட்டுக் கண்ணை மூடினால், யாரும் தொடாத காந்தாரம் ஒன்று அதற்குள்ளிருந்து மெல்ல எழும். அது அந்த ஏணியின் ஐந்தாவது படி.

இந்தப் படிகளின் வரிசை மட்டும் காதில் விழுந்தாலே போதும், மூளை அடிச் சுரத்தைத் தானாகவே வைத்துக்கொள்ளும். 82, 124, 165, 206 என்று கேட்டால் ‘இது 41இன் குடும்பம்’ என்று முடிவு செய்து, 41 இல்லாத இடத்திலும் அந்தத் தாழ்ந்த சுரத்தையே நமக்குக் கேட்கவைக்கும். டீக்கடை டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கர். அதனால் 41 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது. 100 ஹெர்ட்ஸே அதற்குச் சுமை. ஆனாலும் 1976க்குப் பிறகு வந்த இளையராஜா பாடல்களில் தனி மெட்டுப்போல நடந்துபோகும் பேஸ் கிட்டாரை, ஒரு தலைமுறை அப்படிப்பட்ட ரேடியோக்களில்தான் கேட்டது. கேட்டதோடு நில்லாமல் அந்த நடையை வாயால் முணுமுணுக்கவும் செய்தது. ரேடியோ தராத அடிச் சுரத்தை மூளை தந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையில் மிச்சமுள்ளதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்து வருவதுதான். பேஸின் கனத்தை உடம்பு உணர்வது அடியில். அது பெரிதாக இருக்கிறது, இன்ன சுரத்தில் இருக்கிறது என்று காது தீர்மானிப்பது மேலே உள்ள படிகளில்.

அடியை ஏற்றினால் என்ன ஆகிறது

முதல் சிக்கல் காதிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டியது இது: தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மிக மந்தம். நடு ஒலி எந்த அளவு உரக்கக் கேட்கிறதோ அதே அளவுக்குத் தாழ்ந்த ஒலியும் கேட்க வேண்டுமென்றால், அதற்குப் பல மடங்கு ஆற்றல் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆம்பில். பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினால் அந்தப் பகுதி 12 டெசிபெல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 டெசிபெலுக்கு ஒருமுறை ஆற்றல் இரட்டிக்கும். ஆக 12 டெசிபெல் என்பது 16 மடங்கு. 20 வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருந்த ஆம்பிடம் அந்தப் பகுதிக்கு 320 வாட் கேட்கிறீர்கள். அதனிடம் அவ்வளவு இல்லை. இருக்கிற சக்தியெல்லாம் காது பொருட்படுத்தாத இடத்தில் செலவாகி, காது கேட்கிற இடத்துக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகிறது. மண்டபத்தில் எனக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது, ஸ்பீக்கர். அதே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், ஒலிக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டால் ‘பட் பட்’ என்று அடிக்கும். தொடர்ந்து அடித்தால் கிழியும். இதனால்தான் ஹை-பாஸ் ஃபில்டர் என்ற சாதனத்தை நான் பெரிதும் நம்புகிறேன். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் விடும். நான்கு தந்தி பேஸுக்கு 35 முதல் 40 ஹெர்ட்ஸில் வைத்தால், சுரத்தில் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. தந்தியைத் தட்டும்போதும் கை தேய்க்கும்போதும் வரும் வெற்றுக் குலுக்கல் மட்டும் போய்விடும், ஆம்ப் மூச்சு வாங்கும். பெரிய ஓசைக்காக வெட்டுவதா என்று தோன்றும். ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நடுவில் எங்கே ஏற்றுவது

‘நடு’ என்று மொத்தமாகச் சொல்வது கிராமத்துக்கு வழி கேட்டவரிடம் மாவட்டத்தின் பெயரைச் சொல்வது மாதிரி. 80இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை கனம். உடம்பில் மோதுவது இங்கே. 200, 300 பக்கம் சதை. சதை அளவோடு இருந்தால் பேஸ் உருண்டையாக இருக்கும், மீறினால் களிமண்ணாகக் குழையும். 700இலிருந்து 1000 வரை உள்ள பகுதிதான் உறுமல். சுரத்தின் முகம் தெரியும் இடம். 2000, 3000இல் விரலோ, மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரமோ தந்தியில் படும் ‘டக்’. அதற்கு மேலே பெரும்பாலும் தந்தியின் கீச்சு.

கடையில் ஆம்பைச் சோதித்துப் பார்க்கும்போது நம்மில் பலர் செய்வது, அடியையும் மேலையும் ஏற்றி நடுவைக் குழிப்பது. தனியாகக் கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடியில் டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் உட்கார்ந்திருக்கிறது, மேலே சிம்பலும் ஹை-ஹாட்டும். நீங்கள் விட்டுக்கொடுத்த நடுவைக் கீபோர்டின் இடது கையும் கிட்டாரும் எடுத்துக்கொள்கின்றன. உங்களுக்கென்று இடமே இல்லை.

ஆகவே ஈக்யூவை, அதாவது அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை, குழுவோடு வாசிக்கும்போது மட்டுமே முடிவு செய்யுங்கள். எல்லாக் குமிழ்களையும் 12 மணி நிலையில் வைத்துத் தொடங்கலாம். ஆம்பில் மிட் (நடு) பகுதியின் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் தனியாக இருந்தால், மிட்டை 5 டெசிபெல் அளவு ஏற்றிவிட்டு, அந்தக் குமிழை 250இலிருந்து 1000 வரை மெதுவாக நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் உங்கள் வாசிப்பு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும். அங்கே நிறுத்துங்கள். எனக்குப் பெரும்பாலும் 600க்கும் 800க்கும் நடுவில் அது நடக்கிறது. உங்கள் கிட்டாருக்கு வேறாக இருக்கலாம். களிமண்ணாக ஒலித்தால் 250 பக்கம் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

இதில் கொஞ்சம் பேச்சுவார்த்தையும் உண்டு. டிரம்ஸ் வாசிப்பவரின் கிக் 60 ஹெர்ட்ஸில் கனமாக இருந்தால், அந்த இடத்தை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் 90, 100இல் நில்லுங்கள். கிக் மேலே ‘டப்’பென்று ஒலித்தால் நீங்கள் கீழே போகலாம். இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இருவருமே சின்னதாகக் கேட்பீர்கள். அவரிடம் போய்ப் பேசிவிடுவது எந்தப் பெடலையும்விட மலிவு.

ஆம்ப்: வாட் பாதி, ஸ்பீக்கர் பாதி

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே பேஸ்மேன் என்று அதற்கொரு ஆம்பும் வந்தது, ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கரோடு. பின்னாளில் நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர் வைத்த பேஸ்மேன்கள் வந்தபோது, கொஞ்சம் ஏற்றினாலே அவற்றில் ஒலி இனிமையான கரகரப்போடு உடைந்ததால் கிட்டார்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய முதல் ஆம்பே அந்தப் பேஸ்மேனின் மின்சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். பேஸ்காரர்களுக்கு உரப்பு போதவில்லை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடியைக் கொண்டுவந்தது: வால்வில் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாயில்) இயங்கும் 300 வாட் ஆம்ப், அதற்குக் கீழே எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் கொண்ட, ஏறத்தாழ நான்கு அடி உயரப் பெட்டி. அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதை மேடையேற்றியது. ராக் மேடையில் ‘பெரிய பேஸ்’ என்றால் இன்றும் பலர் மனதில் வரும் ஓசை அதுதான்.

எட்டு 10 இன்ச் ஏன் அவ்வளவு பெரிதாக ஒலித்தது? காற்றைத் தள்ளுவது பரப்பளவு. ஒரு 15 இன்ச் கூம்பின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர இன்ச். நான்கு 10 இன்ச் கூம்புகள் சேர்ந்தால் 314. எட்டு என்றால் 628. ‘பேஸ் என்றால் 15 இன்ச்தான்’ என்பது நம்மூர்க் கடைகளில் இன்னும் சொல்லப்படுகிறது. ஸ்பீக்கரின் குறுக்களவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மொத்தப் பரப்பையும், பெட்டியின் வடிவமைப்பையும், ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபெல் தருகிறது என்பதையும் பாருங்கள்.

வாட் கணக்கு ஏமாற்றக்கூடியது. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று சொல்லும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 100 வாட் ஆம்பை விற்றுவிட்டு 200 வாட் வாங்குவதைவிட, இருக்கிற ஆம்போடு இன்னொரு பெட்டியைச் சேர்ப்பது அதிகம் தரும். ஸ்பீக்கர் பரப்பு இரட்டிக்கிறது; பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்புகள் இரண்டாவது பெட்டி வந்ததும் கூடுதல் வாட்டையும் கொடுக்கின்றன.

ஆனால் சேர்க்கும் முன் ஓம் (மின்தடை) கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். 8 ஓம் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் 2 ஓம். ஆம்பின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் 2 ஓம் அதைச் சுட்டுவிடும். வால்வு ஆம்பாக இருந்தால் பெட்டியை இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாருக்குப் போடும் மெல்லிய கேபிளைப் போட்டால் சூடேறி, ஆம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெடல்: மேலே அழுக்கு, கீழே சுத்தம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒலியலையின் தலையையும் அடியையும் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் முளைக்கின்றன. ஏணிக்குப் புதிய படிகள். காது பேஸை அடையாளம் காண்பது அந்தப் படிகளில்தான் என்று பார்த்தோமே. ஆகவே கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டாலே பேஸ் முன்னால் வந்து நிற்கும். பல பதிவுகளில் சுத்தமாகக் கேட்கும் பேஸைத் தனியாகப் பிரித்துக் கேட்டால், அதில் லேசான கரகரப்பு இருப்பது தெரியும்.

ஆனால் கிட்டார் பெடலை அப்படியே பேஸுக்குப் போட்டால் அடி காணாமல் போகும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. ஐபனேஸின் டியூப் ஸ்கிரீமர், ஒலியை உடைக்கும் இடத்தில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறது. கிட்டாருக்கு அது நல்லது. பேஸுக்கோ அந்த எல்லைக்குக் கீழேதான் வீடே இருக்கிறது. 1969இல் வந்த பிக் மஃப் வேறு மாதிரி. அடியை ஓரளவு விட்டுவைத்து நடுவைக் குழித்துவிடும். அறையில் அரக்கத்தனமாக ஒலிக்கும், குழுவோடு சேர்ந்தால் கரைந்துபோகும்.

தாழ்ந்த பகுதியை உடைத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. அடிச் சுரம்தான் அலையிலேயே மிகப் பெரிய ஆள். அதை வெட்டினால் ஒவ்வொரு சுரமும் ஒரே உயரத்தில் நசுங்கி, மெதுவாகத் தொட்டதற்கும் அழுத்தி மீட்டியதற்கும் வித்தியாசம் இல்லாமல், கொசகொசவென்று ஆகிவிடும்.

தீர்வு ஐம்பது வருடங்களுக்கு முன்பே மேடைகளில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஒலியை இரண்டு வழியாகப் பிரிப்பது. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் தன் ரிக்கன்பேக்கர் பேஸில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரண்டு பிக்கப்பையும் தனித்தனியே வெளியே எடுத்து, ஒன்றைச் சுத்தமாகவும் மற்றதை ஃபஸ் வழியாகவும் அனுப்பினார். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் தாழ்ந்த பகுதிக்கு ஓர் ஆம்ப், உயர்ந்த பகுதிக்கு இன்னோர் ஆம்ப் என்று வைத்துக்கொண்டார். நம் காலத்தில் இங்கிலாந்தின் ராயல் பிளட் குழுவில் ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான், கிட்டாரே கிடையாது. மைக் கெர் தன் பேஸைப் பிரித்து ஒரு பங்கை பேஸ் ஆம்புக்கும் மற்றதைக் கிட்டார் ஆம்புகளுக்கும் அனுப்புவதால், மேடையில் நான்கு பேர் வாசிப்பதுபோல் இருக்கிறது.

இதைச் செய்ய உங்களுக்கு இரண்டு ஆம்ப் தேவையில்லை. பேஸுக்கென்று செய்த டிரைவ் பெடல்களில் பிளெண்ட் என்றோ பேலன்ஸ் என்றோ ஒரு குமிழ் இருக்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3, சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் போன்றவற்றில் பார்க்கலாம். சுத்தமான ஒலியையும் உடைந்த ஒலியையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. நான் அதை வைக்கும் முறை இது. முதலில் பிளெண்டை முழுக்கச் சுத்தப் பக்கம் வைத்து, பெடல் போட்டாலும் எடுத்தாலும் உரப்பு ஒன்றாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்வேன். பிறகு பிளெண்டை முழுக்க அழுக்குப் பக்கம் திருப்பி, ஒலி எவ்வளவு உடைய வேண்டும் என்பதற்கான கெயின் குமிழை மெதுவாக ஏற்றுவேன். அந்த நிலையில் அடி இல்லாமல் ஈனமாக ஒலித்தாலும் கவலைப்படுவதில்லை, மேலே உள்ள கரகரப்பு மட்டும் பிடித்த மாதிரி இருந்தால் போதும். அதன் பிறகு பிளெண்டைச் சுத்தப் பக்கத்திலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பிவருவேன். ஒரு கட்டத்தில் டிஸ்டார்ஷன் இருப்பது தெரியாது, ஆனால் பேஸ் வளர்ந்ததுபோல் இருக்கும். பெரும்பாலான பாட்டுகளுக்கு அங்கேயே நிறுத்திவிடுவேன். ஃபஸ் தெரிந்தே ஆக வேண்டிய பாட்டென்றால் இன்னும் போவேன். ஆனாலும் பாதியைத் தாண்டுவது அபூர்வம்.

உங்களிடம் இருப்பது கிட்டார் பெடல் மட்டும்தானா? பாஸ் எல்எஸ்-2 மாதிரியான லைன் செலக்டர் ஒன்றை வாங்கினால் போதும். ஒரு பாதையில் அந்தப் பெடல், இன்னொரு பாதையில் ஒன்றும் இல்லாமல் சுத்த ஒலி, இரண்டையும் கலந்துவிடும். இங்கே ஒரு சோதனை அவசியம். சில பெடல்கள் அலையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும். சுத்த அலை மேலே ஏறும்போது இது கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனியே நன்றாக ஒலிக்கும் இரண்டு பாதைகள் சேர்ந்ததும் அடி மெலிந்துபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அலையின் திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் வேறு பெடலை முயன்று பாருங்கள். வெளியே எதுவும் தெரியாததால், ஆம்பையும் தந்தியையும் சந்தேகித்தே மாதக்கணக்கில் திரிய வைக்கும் கோளாறு இது.

கம்ப்ரஸரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரத்த சுரத்தை அழுத்தி மெல்லிய சுரத்தைத் தூக்கிவிடுவதால் சராசரி உரப்பு கூடும். விகிதம் 4க்கு 1, அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிவிநாடி, அழுத்தம் 3 முதல் 6 டெசிபெல், இதிலிருந்து தொடங்குங்கள். அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் தந்தியின் முதல் ‘டக்’கே செத்துவிடும்.

வாசிக்கும் சுரத்தோடு ஒரு ஸ்தாயி கீழோ மேலோ சேர்த்துத் தரும் ஆக்டேவ் பெடலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு ஸ்தாயி கீழே சேர்த்தால் பேஸ் இன்னும் பெரிதாகும் என்று நினைக்கிறோம். ஈ தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் 20 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டியால் அதை ஒலிக்க முடியாது, காதுக்கும் அது கேட்கும் எல்லையின் விளிம்பு. 1982இல் வந்த பாஸ் ஓசி-2 மாதிரியான பெடல்கள் டி, ஜி தந்திகளில் மேலே வாசிக்கும்போதுதான் அழகு; சிந்தசைசர் போன்ற தடித்த ஓசை வரும். கிட்டார் இல்லாத குழுவுக்கு வேண்டியது மேலே ஒரு ஸ்தாயி. அதைச் சேர்த்து அதன் மேல் டிஸ்டார்ஷன் போட்டால் பக்கத்தில் கிட்டார்காரர் நிற்பதுபோல் இருக்கும். அடியில் சுத்தப் பாதை தன்பாட்டுக்கு நடக்கும்.

வரிசையாக மாட்டும்போது ஆக்டேவ் முதலில் வரட்டும், ஏனென்றால் அது தெளிவான ஒற்றைச் சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கம்ப்ரஸர், டிரைவ், ஈக்யூ, கோரஸ் பெடல் இருந்தால் அது, கடைசியில் ஹை-பாஸ். சட்டமில்லை, மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் ட்வீட்டர் இருந்தால் டிரைவ் போடும்போது அதைக் குறைத்துவிடுங்கள். கரகரப்பு இனிமையாக இருப்பதும் குளவிக் கூட்டமாக இரைவதும் பெரும்பாலும் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் கையில். அதே காரணத்துக்காக, பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்கு அனுப்பும்போது ஸ்பீக்கர் பெட்டியைப் போலியாகச் செய்துகாட்டும் கேப் சிமுலேஷன் உள்ள, கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டி வேண்டும்.

அறை

41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். நாம் பயிற்சி செய்யும் அறைகள் அதைவிடச் சின்னவை. 13 அடி நீள அறை என்றால் சுவருக்குச் சுவர் மோதி நிற்கும் அலை ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஈ தந்தியின் முதல் கட்டை, எஃப் சுரம். அந்த அறையில் எஃப் மட்டும் யானைபோல் பிளிறும். அதைக் கேட்டு பேஸைக் குறைத்துக்கொண்டு மேடைக்குப் போனால் எல்லாமே மெலிந்திருக்கும். பெட்டியை மூலையில் வைத்தால் அடி ஊதிப்போகும், சுவரிலிருந்து நகர்த்தினால் தெளியும். அறையின் நடுவில் நின்றால் அதே எஃப் காணாமலும் போகும். ஆகவே நிற்கிற இடத்தையும் பெட்டியின் இடத்தையும் மாற்றிப் பார்க்காமல் ஈக்யூவைத் தொட வேண்டாம்.

மேடையில் பெட்டி தரையில் இருந்தால் ஓசை உங்கள் முழங்காலைத்தான் தாண்டிப் போகும். உங்களுக்குக் கேட்காது, முதல் வரிசைக்குக் காது அடைக்கும். ஒரு நாற்காலியின் மேலோ ஸ்டாண்டிலோ ஏற்றி, முகத்தைப் பார்க்கச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பிறகு நீளமான கேபிள் ஒன்றை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குங்கள். டிரம்ஸ்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் வாசித்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போங்கள். பத்தாவது வரிசையில் நின்று ஈ தந்தியில் ஒரு நடையை வாசியுங்கள். ஒவ்வொரு சுரத்தின் பெயரையும் அங்கிருந்து உங்களால் சொல்ல முடிந்தால் ஆம்பை அப்படியே விட்டுவிடலாம். முடியாவிட்டால் மேடைக்குத் திரும்பிப் போய், மிட் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.